கரையும் கருப்பொருளும்: ஸ்பானியக் கடற்கரை பற்றிய மூன்று நூல்கள்

விடுமுறைக்குக் கடற்கரை செல்லத் திட்டமிடுகின்றவர் முதலில் செய்யும் செயல் பயணம் அன்று, படிப்பு. எந்த ஊர், எந்த மாதம், எந்த விடுதி, எத்தனை இரவு என்னும் வினாக்களுக்கு விடை தேடி அவர் விளம்பர ஏடுகளைப் புரட்டுகிறார். இக்காலத்தில் கைப்பேசித் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார். கடலைக் கண்ணால் காண்பதற்குப் பல திங்களுக்கு முன்னரே அவர் அதனைச் சொல்லால் கண்டுவிடுகிறார். பின்னர் நேரில் சென்று காணும்பொழுதும் அச்சொற்கள் காட்டியவற்றையே பெரிதும் காண்கிறார். அவை காட்டாதவற்றைக் காணாமலே திரும்புகிறார். ஆகவே விடுமுறைத் திட்டம் என்பதும் ஒருவகை வாசிப்பே ஆகும். வாசிப்பு உள்ள இடத்தில் திறனாய்வுக்கும் இடம் உண்டு.

இதனை விளக்குவதற்கு ஸ்பெயின் நாட்டின் மத்தியதரைக் கடற்கரையைவிடப் பொருத்தமான நிலம் கிடைத்தல் அரிது. 1960இல் ஏறத்தாழ 60 இலட்சம் வெளிநாட்டார் ஸ்பெயினுக்கு வந்தனர். 1970இல் அத்தொகை ஏறத்தாழ 2 கோடியே 40 இலட்சம் ஆயிற்று. 2024இல் அது 9 கோடியே 40 இலட்சத்தை நெருங்கியது. நாட்டின் மக்கள்தொகையோ 5 கோடிக்கும் குறைவு. வந்தோரில் மிகப் பலர் நாடியது வெயிலையும் கடலையுமே. இத்தனை பெரிய மக்கள் பெயர்ச்சிக்கு வழிகாட்டிய மொழி எத்தகையது, அம்மொழி எதனை மறைத்தது, மறைத்ததை இலக்கியம் எவ்வாறு மீட்டுக் கொடுத்தது என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

விளம்பர ஏட்டின் மொழி

முதலில் பெயர்களை நோக்கலாம். வடகிழக்கில் ஜிரோனா மாநிலத்தின் கரை ‘கோஸ்தா பிராவா’ எனப்படும். முரட்டுக் கரை என்பது பொருள். இப்பெயரை 1908இல் கத்தலோனியச் செய்தியாளரான ஃபெரான் அகுயோ என்பவர் இதழில் எழுதி நிலைபெறச் செய்தார். தாரகோனாவின் கரை ‘கோஸ்தா தொராதா’, அதாவது பொற்கரை. அலிகாந்தேயின் கரை ‘கோஸ்தா பிளாங்கா’, வெண்கரை. மாலகாவின் கரை ‘கோஸ்தா தெல் சோல்’, கதிரவன் கரை. ஜிப்ரால்ட்டருக்கு அப்பால் அட்லாண்டிக் பக்கம் உள்ளது ‘கோஸ்தா தெ லா லுஸ்’, ஒளிக்கரை.

இப்பெயர்களில் பொன் உண்டு, வெண்மை உண்டு, கதிரவன் உண்டு, ஒளி உண்டு. வலை இல்லை, ஓடம் இல்லை, உப்பு இல்லை, மக்கள் பெயரும் இல்லை. நெடுங்காலமாக அங்கு வாழ்ந்த மீனவரும் உழவரும் தத்தம் ஊர்களுக்கும் குடாக்களுக்கும் இட்டு வழங்கிய பெயர்கள் ஒருபுறம் இருக்க, அவற்றின்மேல் ஒளியாலும் நிறத்தாலும் ஆன மற்றொரு பெயர் போர்த்தப்பட்டது. பெயரிடுதல் ஒரு கவிதைச் செயல் என்றால், இக்கவிதையின் நாயகன் வெயில் ஒன்றே.

அடுத்து வாக்கிய அமைப்பு. விடுமுறை ஏடுகளின் நடையை உற்றுநோக்குவார்க்கு ஓர் இலக்கண உண்மை புலப்படும். காலையுணவு வழங்கப்படும், அறைகள் நாள்தோறும் தூய்மை செய்யப்படும், மாலையில் இசை நிகழ்த்தப்படும், விமான நிலையத்திலிருந்து அழைத்துச் செல்லப்படுவர். அனைத்தும் செயப்பாட்டுவினை. வழங்குபவர் யார், தூய்மை செய்பவர் யார், அழைத்துச் செல்பவர் யார் என்னும் வினாவுக்கு விடை இல்லை. தொழில் உண்டு, தொழிற்பயன் உண்டு, செய்வோர் மட்டும் வாக்கியத்தில் இடம்பெறுவதில்லை. இது நடைக்குற்றம் அன்று. திட்டமிட்ட நயம். செய்வோர் முகம் தெரிந்தால் ஓய்வு குலையும் என்று விளம்பரம் எழுதுவோர் அறிவர்.

இம்மொழி பிறந்த சூழலையும் நடுவுநிலையுடன் கருதவேண்டும். ஆலையிலும் அலுவலகத்திலும் ஆண்டு முழுதும் உழைத்த வட ஐரோப்பியத் தொழிலாளிக்கு வெயிலும் கடலும் எளிதில் கிட்டும் பொருள்கள் அல்ல. பிரிட்டனில் ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கான சட்டம் 1938இல்தான் நிறைவேறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், விமானப் பயணம், தங்கும் விடுதி, உணவு ஆகிய மூன்றையும் ஒரே விலைக்குள் அடக்கி விற்கும் முறை வளர்ந்தது. ஸ்பெயினோ உள்நாட்டுப் போராலும் பஞ்சத்தாலும் நலிந்திருந்தது. ஃபிராங்கோவின் சர்வாதிகார ஆட்சிக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. 1959இல் பெசெட்டாவின் மதிப்புக் குறைக்கப்பட்டது. பயணிகளுக்கு ஸ்பெயின் மலிவான நாடாயிற்று. 1960களில் தகவல், சுற்றுலா அமைச்சராக இருந்த மனுவேல் ஃபிராகாவின் காலத்தில், ‘ஸ்பெயின் வேறானது’ என்னும் முழக்கம் ஐரோப்பா எங்கும் பரவியது. மீனவர் ஊராக இருந்த பெனிதோர்ம் 1956இலேயே நகரமைப்புத் திட்டம் ஒன்றை வகுத்துக்கொண்டு, பின்னர் வானளாவிய விடுதிகளின் நகரமாக மாறியது. ஒருவர் ஓய்வும் மற்றொருவர் பிழைப்பும் அக்கரையில் சந்தித்தன. அச்சந்திப்பில் குற்றவாளியைத் தேடுவது திறனாய்வின் பணி அன்று. அச்சந்திப்பை எந்த மொழி முழுமையாகச் சொல்லிற்று என்று காண்பதே அதன் பணி.

திணை நோக்கு

தமிழ் பயின்றோர்க்கு இதனை அளந்து பார்க்க ஒரு கருவி கையில் உள்ளது. அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தது தொல்காப்பிய மரபு. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலாயின கருப்பொருள். மாந்தர் நெஞ்சின் ஒழுக்கம் உரிப்பொருள். முப்பொருளும் சேர்ந்தே ஒரு திணை.

இவ்வமைப்பு காதற் பாடல்களுக்கு வகுக்கப்பட்டது. வேற்று நாட்டு உரைநடைக்கு அதனை அப்படியே பொருத்துதல் இயலாது. எனினும் ஒப்புநோக்கிற்கு அது துணைபுரியும். விளம்பர ஏட்டில் முதற்பொருள் மிகுதி. மணற்கரை நிலம்; கோடை பொழுது. எந்த மாதத்தில் எத்தனை மணிநேரம் வெயில் காயும் என்பதைக்கூட ஏடு கணக்கிட்டுச் சொல்லும். ஆனால் கருப்பொருளை நீக்கிவிடும்; அல்லது வேறிடத்திலிருந்து கடன்வாங்கி ஒட்டிவிடும். கத்தலோனியர்க்குரிய வட்ட ஆடல் ‘சர்தானா’. அவர்தம் கரையிலோ தெற்கே ஆந்தலூசியாவுக்குரிய ஃபிளமெங்கோ ஆடலும் அதன் பொம்மைகளும் பயணிகளுக்கு விற்கப்பட்டன. நெய்தற் கரையில் குறிஞ்சிப் பறையை முழக்கியது போன்றது இது. உரிப்பொருளோ பயணி தம்முடன் கொண்டுவருவது: களிப்பு.

கருப்பொருளை அதற்குரிய இடத்தில் மீண்டும் வைத்துக் காட்டிய நூல்கள் சில உண்டு. 1947இல் தாமே காரை ஓட்டிக்கொண்டு அக்கரை நெடுகப் பயணம் செய்த ஆங்கில எழுத்தாளர் ரோஸ் மெக்காலே, ‘பழங்கதைக் கரை’ என்னும் பொருள்படும் பயண நூலை 1949இல் வெளியிட்டார். கோயில்களையும் துறைமுகங்களையும் பழைய நாகரிகங்களின் சுவடுகளையும் நாடிய நூல் அது. அதனினும் மக்களின் வாழ்வை நெருங்கிச் சென்ற மூன்று நூல்களே இக்கட்டுரைக்கு உரியவை.

பாலை: நிஹார் வயல்கள்

ஹுவான் கோய்த்திசோலோ 1931இல் பார்சலோனாவில் பிறந்தவர். 1950களில் பாரிசில் குடியேறியவர். 2017இல் மொராக்கோவின் மராக்கேஷில் மறைந்தவர். அவர் தென்கிழக்கு மூலையில் உள்ள அல்மெரியா மாநிலத்தில் சுற்றி எழுதிய ‘நிஹார் வயல்கள்’ 1960இல் வெளிவந்தது. அளவிற் சிறிய நூல். பேருந்திலும் சரக்கு வண்டியிலும் கால்நடையாகவும் செல்லும் ஒருவன் காண்பனவும் கேட்பனவுமே அதன் பொருள்.

அல்மெரியாவின் கரை ஐரோப்பாவிலேயே மழை மிகக் குறைந்த பகுதிகளுள் ஒன்று. காபோ தெ காத்தா முனையில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டரையும் எட்டுவது அரிது. விடுமுறைத் திட்டம் தீட்டுவார்க்கு இது நற்செய்தி. பயணநாள் எதிலும் மழை குறுக்கிடாது என்று அவர் மகிழ்வார். அதே செய்தி அங்கு வாழ்வார்க்கு என்ன பொருள் தந்தது என்பதைக் காட்டுவதே கோய்த்திசோலோவின் நூல். வெயில் ஒன்றே, வாசகர் இருவர். ஒருவர்க்கு அது ஓய்வு; மற்றவர்க்கு அது வறட்சி.

நிஹாரின் குயவர், ரொதால்கிலாரின் தங்கச் சுரங்கத்தைச் சார்ந்து வாழ்ந்தோர், விற்பனை ஆகாத கள்ளிப்பழத்தைச் சுமந்து திரியும் முதியவர் எனக் கருப்பொருள் யாவும் இந்நூலில் மாந்தராகவே வருகின்றன. அவர்களுடைய பேச்சில் ஒரு சொல் திரும்பத் திரும்ப எழுகிறது. அது கத்தலோனியா. வேலை தேடி வடக்கே சென்ற மகனும் உடன்பிறந்தானும் அண்டை வீட்டானும் பேச்சின் பின்னால் நிற்கின்றனர். வறண்ட நிலம், பொருள் தேடிப் பிரிதல் என்னும் இவ்விரண்டும் சேர்ந்தால் தமிழ் மாணவர்க்கு நினைவுக்கு வரும் திணை எது என்று கூறவேண்டுவதில்லை. கடலோரத்தில் எழுதப்பட்ட பாலைத்திணை இந்நூல் எனலாம்.

நடையும் நிலத்துக்கு ஏற்றதாகவே உள்ளது. வருணனை சுருக்கம், உரையாடல் மிகுதி. ஆசிரியர் அறம் உரைப்பதில்லை, குற்றம் சாட்டுவதில்லை. தணிக்கையின் கண் எழுத்தின்மேல் இருந்த காலம் அது. அதனால் கேட்டதைக் கேட்டவாறே பதிந்து, முடிவை வாசகனிடம் விட்டார். அல்மெரியா நகரின் மீனவர் குடியிருப்பைப் பற்றி அவர் எழுதிய ‘லா சாங்கா’ 1962இல் பாரிசில்தான் வெளிவர முடிந்தது என்பதை நோக்கினால், முந்தைய நூலின் அடக்கம் எத்தகைய கட்டாயத்தில் விளைந்தது என்பது விளங்கும். அக்கட்டாயமே அதற்குக் கலைவலிமையும் ஆயிற்று.

குறையும் உண்டு. சந்திக்கும் மாந்தர் யாவரும் ஒரே துன்பத்தின் பல முகங்களாகவே தோன்றுகின்றனர். பெண்களின் குரல் குறைவாகவே கேட்கிறது. வழிப்போக்கன் ஒருவன் கேட்டறியக் கூடியது அவ்வளவே என்பது உண்மையாயினும், நகைப்பும் குறும்பும் அற்ற ஏழ்மை என்பது எந்த ஊரிலும் இல்லை.

நெய்தல்: பழங்கடலின் குரல்கள்

நகைப்பும் குறும்பும் நிரம்பிய நூல் அடுத்தது. ஆங்கில எழுத்தாளர் நார்மன் லூயிஸ் (1908–2003), போர் முடிந்தபின் கோஸ்தா பிராவாவின் மீனவர் ஊர் ஒன்றில் தங்கி வாழ்ந்தார். அவ்வாழ்வை நினைவுகூர்ந்து ‘பழங்கடலின் குரல்கள்’ என்னும் பொருள்படும் நூலை 1984இல் வெளியிட்டார். ஊருக்கு அவர் இட்ட பெயர் ஃபாரோல். நிலப்படத்தில் அப்பெயரில் அவ்வூரைத் தேடுதல் வீண். நூல் மூன்று பருவங்களாக நடக்கிறது.

ஃபாரோல் மீனவர் ஊர். எங்கு நோக்கினும் பூனைகள். சற்று உள்ளே தள்ளியுள்ள சோர்த் என்னும் ஊர் தக்கை மரங்களை நம்பி வாழ்வது, அங்கோ நாய்கள். இரு ஊராரும் ஒருவரை ஒருவர் இகழ்கின்றனர். ஒருபால் மீன்வரத்துக் குறைகிறது; மற்றொருபால் தக்கை மரங்கள் நோயுற்று மடிகின்றன. மீனவர் மதுக்கடையில் கூடித் தம் கடல் அனுபவங்களைச் செய்யுள் நடையிலேயே கூறுகின்றனர். ஊரில் சொல் செல்லும் ஆற்றல் படைத்தவர், பாட்டி என்றே அழைக்கப்படும் மூதாட்டி. இவ்வாறு உணவு, விலங்கு, மரம், தொழில், நம்பிக்கை என்று கருப்பொருள் முழுவதும் குறைவின்றி அமைந்துள்ளது இந்நூலில்.

பின்னர் மூகா என்பவன் வருகிறான். கள்ளச் சந்தையில் செல்வம் சேர்த்தவன், கட்டடங்களை வாங்குகிறான், விடுதி அமைக்கிறான். பயணிகள் வரத் தொடங்குகின்றனர். படையெடுப்பு ஒன்றும் நிகழவில்லை. யாரும் யாரையும் துரத்தவில்லை. மீன் இல்லாத கடலை நோக்கி நின்றவர்க்குப் பணம் கிடைக்கும் வேலை வந்தது. ஒருவர் பின் ஒருவராக அவர்கள் அதனை ஏற்றனர். மூகாவைக் கொடியவனாகக் காட்டாமையே லூயிஸின் திறம். வாசகன் அவனை வெறுக்க முயன்று தோற்கிறான். ஓர் ஊர் அழிவதற்குக் கொடியவன் ஒருவன் தேவையில்லை என்பதே நூலின் உட்பொருள். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்பர். காதலனைப் பிரிந்தவளின் இரங்கல் அன்று இது. கண் முன்னே தன் சொல்லை இழக்கும் ஓர் ஊரைக் கண்டவரின் இரங்கல்.

ஆயினும் இந்நூலைப் பற்றி இரு வினாக்கள் எழுப்புதல் கடன். முதலாவது, உண்மை பற்றியது. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட நூல், ஊருக்கும் புனைபெயர். மதுக்கடையில் மீனவர் உரைத்த செய்யுள் எவ்வளவு அவர்களுடையது, எவ்வளவு லூயிஸுடையது என்று பிரித்தறிதல் இயலாது. வரலாற்றுச் சான்றாக இந்நூலைக் கொள்வோர் எச்சரிக்கையுடன் கொள்ளவேண்டும். புனைவு கலந்த நினைவிலக்கியமாகக் கொள்வோர்க்கு அது நிறைவளிக்கும்.

இரண்டாவது வினா இதனினும் ஆழமானது. லூயிஸ் கண்ட முழுமை, அவ்வூரார்க்கும் முழுமையாக இருந்ததா? போருக்குப் பிந்திய ஆண்டுகளில் ஸ்பெயினில் உணவு பங்கீட்டு அட்டைக்குத்தான் கிடைத்தது. கேள்வி கேட்போர்க்குச் சிறை காத்திருந்தது. வெளியிலிருந்து வந்து, விரும்பியபொழுது திரும்பிச் செல்லக்கூடியவர்க்குப் பழமை அழகாகத் தோன்றும். மேலும், அன்பு மிகுதியால் அங்குத் தங்கிய அந்த அயலாரே அக்கரையின் முன்னோடிப் பயணியும் ஆவார். மூகாவின் விடுதிக்கு வந்தோர் அவர் பின்னால் வந்தவர்களே. இம்முரணை நூல் உரக்கக் கூறவில்லை. ஆனால் மூன்றாம் பருவத்தின் துயரம் அம்முரணிலிருந்தே ஊறுகிறது.

திணை இழந்த நிலம்: கொக்கேயின் இரவுகள்

மூன்றாவது நூல் புதினம். ஆங்கில எழுத்தாளர் ஜே. ஜி. பாலார்டு 1996இல் வெளியிட்ட ‘கொக்கேயின் இரவுகள்’ கோஸ்தா தெல் சோலில் எஸ்திரெல்லா தெ மார் என்னும் கற்பனைக் குடியிருப்பில் நிகழ்கிறது. கதை கூறும் சார்லஸ் பிரென்டிஸ் பயண நூல் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவன். ஐவர் இறந்த தீ விபத்துக்குத் தானே காரணம் என்று அவன் தம்பி ஒப்புக்கொள்கிறான். அவ்வொப்புதலை நம்பாத அண்ணன் உண்மையைத் தேடி அங்கு வருகிறான்.

வெளித்தோற்றத்தில் இது துப்பறியும் கதை. உள்ளே வேறொரு சிந்தனை உள்ளது. ஓய்வு என்பது சில நாள் விடுமுறையாக இல்லாமல் வாழ்நாள் முழுவதுமாக நீண்டால் என்ன ஆகும்? அண்டைக் குடியிருப்புகளில் பணி ஓய்வு பெற்ற பிரிட்டானியர் கதவடைத்துத் தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கின்றனர். கடல் இருக்கிறது, யாரும் நோக்குவதில்லை. எஸ்திரெல்லா தெ மாரில் மட்டும் நாடகமும் விளையாட்டும் நடக்கின்றன. அவ்வூக்கத்துக்குக் காரணம், டென்னிஸ் பயிற்றுநன் கிராஃபர்டு திட்டமிட்டு விதைக்கும் குற்றங்களே என்பது மெல்ல வெளிப்படுகிறது. தொழிலும் தெய்வமும் பருவமும் அற்ற நிலத்தில் மக்களை எழுப்பக் குற்றம் ஒன்றே எஞ்சியது என்பது பாலார்டின் கசப்பான முடிவு.

முதற்பொருள் மட்டும் எஞ்சிய நிலத்தின் கதை இது. வெயில் உண்டு, மணல் உண்டு, கருப்பொருள் முற்றும் நீங்கிவிட்டது. ஸ்பானியர் காவல் அதிகாரியாகவும் வழக்கறிஞராகவும் ஓரங்களில் வந்து போகின்றனர். அவர்கள் ஓரத்தில் நிற்பதே புதினத்தின் கருத்து என்று வாதிடலாம். ஆயினும் அது புதினத்தின் குறையும் ஆகும். மறைக்கப்பட்டவரைப் பற்றி எழுதும் நூலும் அவர்களை மறைத்தே எழுதினால், விளம்பர ஏட்டின் பழக்கம் அதனிடமும் தொற்றியிருக்கிறது என்று கூறுதல் மிகையாகாது. நையாண்டியின் கூர்மையில் பாலார்டு வெல்கிறார்; மாந்தரின் வெம்மையில் மற்ற இருவரும் அவரினும் மேம்படுகின்றனர்.

மூன்றும் சேர்ந்து கூறுவன

மூன்று நூல்களையும் வெளிவந்த முறையில் வரிசைப்படுத்தினால் ஒரு கரையின் வரலாறு தெரிகிறது: மக்கள் பிரிந்து செல்லும் நிலம், மக்கள் தம் தொழிலை விட்டு மாறும் நிலம், வந்தவர் மட்டும் வாழும் நிலம். ஒன்றை மட்டும் படித்தோர் தவறான முடிவுக்கு வரக்கூடும். லூயிஸை மட்டும் படித்தோர் சுற்றுலா வருமுன் எல்லாம் இனிதாக இருந்தது என்பர். கோய்த்திசோலோவைப் படித்தோர் அவ்வாறு கூறமாட்டார். முன்பு பிழைப்புத் தேடி மக்களை வெளியே அனுப்பிய மாலகாவும் அலிகாந்தேயும் அல்மெரியாவும் இன்று வேலை தேடி வருவோரை ஏற்கும் மாநிலங்கள். நிஹாரின் வறண்ட வயல்களை இப்பொழுது நெகிழித் தாள் வேய்ந்த காய்கறிப் பண்ணைகள் மூடியுள்ளன. அவற்றில் உழைப்போரில் பலர் மொராக்கோவிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். பிரிதல் ஒழியவில்லை, பிரிவோர் மாறினர்.

மூன்று நூல்களும் பேசத் தொடங்கிய வழக்கும் இன்னும் முடியவில்லை. 1988ஆம் ஆண்டின் கடற்கரைச் சட்டம், கரை பொதுமக்களுக்கு உரியது என்பதை வலியுறுத்திக் கட்டுமானங்களுக்கு வரம்பு விதித்தது. கோய்த்திசோலோ நடந்த வழியில் உள்ள கார்போனேராஸ் என்னும் ஊரின் அருகே, இயற்கைக் காப்புநிலத்தில் எழுந்த பெரும் விடுதியின் கட்டுமானம் 2006இல் நீதிமன்ற ஆணையால் நின்றது. அந்நிலம் கட்டடத்துக்கு உரியதன்று என 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் கானரித் தீவுகளிலும் மயோர்க்காவிலும் மாலகாவிலும் மக்கள் தெருவில் இறங்கினர். பயணிகளுக்கு விடப்படும் வீடுகளால் வாடகை உயர்ந்து தாம் பிறந்த ஊரில் தமக்கே குடியிருக்க இடமில்லை என்பது அவர்களது முறையீடு. விளம்பர ஏட்டில் மறைந்திருந்த எழுவாய் தெருவுக்கு வந்து பேசியது எனலாம்.

இங்கு ஒரு குறையைச் சுட்டாமல் விடுதல் கூடாது. மூன்று நூல்களையும் எழுதியோர் அக்கரைக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். இருவர் ஆங்கிலேயர், ஒருவர் ஸ்பானியரேயாயினும் அல்மெரியாவுக்கு அயலார். ஃபாரோலின் பாட்டி தம் கதையைத் தாமே எழுதியிருந்தால் அதில் பூனைகள் எத்துணை இடம் பெற்றிருக்கும், பசி எத்துணை இடம் பெற்றிருக்கும்? விடுதி அறையைத் துடைத்த பெண் அவ்வறையை எந்தச் சொற்களால் வருணித்திருப்பாள்? நல்ல நூல்கள் இவ்வினாக்களை எழுப்பும் அளவுக்கு வாசகனைக் கொண்டுசெல்கின்றன. விளம்பர ஏடு அவ்வளவு தூரம் கொண்டுசெல்வதில்லை. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு அழகில் இல்லை, இதில்தான் உள்ளது.

நிறைவாக

இவற்றைப் படித்தபின் ஸ்பானியக் கரைக்கு விடுமுறை செல்லுதல் தகாது என்று முடிவு செய்யவேண்டுவதில்லை. இந்நூல்கள் அவ்வாறு கூறவும் இல்லை. திட்டமிடுவோர் வழக்கமாகக் கேட்கும் வினாக்களே போதும். அவற்றை முழுமையாகக் கேட்டால் சரி. எந்த மாதம் என்று கேட்பவர், சூலை, ஆகஸ்டு கூட்டம் கலைந்தபின் அங்கு வேலை இழப்போர் யார் என்றும் கேட்கலாம். எந்த வீடு என்று கேட்பவர், அவ்வீட்டில் முன்பு குடியிருந்தவர் எங்கே என்றும் கேட்கலாம். எந்த மீன் நல்லது என்று கேட்பவர், அது எந்தக் கடலிலிருந்து வந்தது என்றும் கேட்கலாம். ஒவ்வொரு வினாவின் பின்பாதியும் கருப்பொருளைத் தேடுவது. அப்பாதியைக் கேட்ட பயணிக்கும் வெயில் குறைந்துவிடப் போவதில்லை.

தமிழாசிரியர்க்கு இதில் வகுப்பறைப் பயன் ஒன்று உண்டு. ‘கடற்கரையில் ஒரு நாள்’, ‘இன்பச் சுற்றுலா’ என்னும் தலைப்புகளில் மாணவர் எழுதும் கட்டுரைகள் பல, நீல வானமும் வெண்மணலும் இளங்காற்றுமாக முதற்பொருளிலேயே தொடங்கி முதற்பொருளிலேயே முடிகின்றன. அது மாணவர் குற்றம் அன்று. அவர்கள் மிகுதியாகக் கண்ட நடை விளம்பர நடையே. செய்வினையையும் செயப்பாட்டுவினையையும் கற்பிக்கும் நாளில், விடுமுறை ஏட்டிலிருந்து பத்து வாக்கியங்களை எடுத்துக் கரும்பலகையில் எழுதி, அவற்றைச் செய்வினையாக மாற்றுமாறு பணிக்கலாம். ‘அறைகள் தூய்மை செய்யப்படும்’ என்பதை மாற்றத் தொடங்கிய மாணவன், எழுவாய் இடத்துக்கு வந்ததும் எழுதுகோலை நிறுத்துவான். அவ்விடத்தில் யாரை எழுதுவது என்று அவன் கேட்பான். அப்பொழுது அவனிடம் இம்மூன்று நூல்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கலாம்.